மருத்துவமனை டோக்கன் செயலி: நோயாளி ஒருவர், போன் வைத்திருப்பவர் வேறொருவர்

புதுச்சேரியிலுள்ள தனியார் பன்னோக்கு மருத்துவமனை ஒன்று, புறநோயாளிகள் வீட்டிலிருந்தே டோக்கன் பெறுவதற்கென வெளியிட்டிருக்கும் செயலியைப் பற்றிய மதிப்புரை இது. அந்த மருத்துவமனையின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சுட்டப்போகும் குறைகளில் பெரும்பாலானவை வங்கி, காப்பீடு, எரிவாயு முன்பதிவு என்று நாம் அன்றாடம் கையாளும் எத்தனையோ செயலிகளில் இருப்பவை என்பதால், ஒரு நிறுவனத்தை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. பயனர் ஆய்வு என் தொழில். மென்பொருளை மக்கள் எப்படிக் கையாளுகிறார்கள் என்பதை அருகிலிருந்து கவனித்துக் குறிப்பெடுத்து, அதை உருவாக்குபவர்களிடம் கொண்டுசேர்ப்பது அந்த வேலை. கடலூரில் என் உறவினர்களும் அண்டை வீட்டாரும் இந்தச் செயலியைப் பயன்படுத்தியபோது அவர்களின் சம்மதத்தோடு பக்கத்தில் அமர்ந்து பார்த்தவற்றையும், என் பெரியம்மாவின் சர்க்கரை நோய்ச் சிகிச்சைக்காக நானே பயன்படுத்தி அறிந்தவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இதன் பெரிய நன்மையைச் சொல்லிவிட வேண்டும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரத்து மக்களில் பலர் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் புதுச்சேரிக்குத்தான் போகிறார்கள். விடியற்காலையில் பேருந்து ஏறி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போய்ச் சேர்ந்து, கவுன்ட்டரில் ஓ.பி. சீட்டு வாங்கிய பிறகு, எப்போது அழைப்பார்கள் என்று தெரியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பயணத்தின் கடினமான பகுதி. சர்க்கரை நோயாளிகள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ஆனால் கேன்டீனுக்குப் போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் சாப்பிடாமலேயே இருந்துவிடுகிறார்கள். இந்தச் செயலியில், மருத்துவர் இப்போது எத்தனையாம் டோக்கனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை ஒரு திரை காட்டுகிறது. திரையின் நடுவே பெரிய எழுத்தில் இரண்டு எண்கள்: உள்ளே இருப்பவருடையது, நம்முடையது. வேறு விளம்பரமோ அறிவிப்போ அந்தத் திரையில் இல்லை. இணையம் தொய்ந்துபோனால், கடைசியாக எத்தனை மணிக்குக் கிடைத்த தகவல் இது என்பதையும் எண்ணுக்குக் கீழேயே காட்டுகிறது. மருத்துவர் அறுவை சிகிச்சையில் இருப்பதால் தாமதமாகத் தொடங்குவார் என்றால் அதற்கும் குறுஞ்செய்தி வருகிறது. என் பெரியம்மா இப்போது மருத்துவமனைக்கு எதிரிலுள்ள கடையில் நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகிறார். காத்திருப்பவரின் மனநிலையை நேரில் பார்த்தறிந்த ஒருவர்தான் இந்தத் திரையை வடிவமைத்திருக்க முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே கவனம் செயலியின் மற்றப் பகுதிகளில் இல்லாமல்போனது ஏன் என்பதுதான் என் கேள்வி. நான் காணும் விடை இதுதான்: இதை உருவாக்கியவர்கள், நோயாளியும் போன் வைத்திருப்பவரும் பணம் கட்டுபவரும் ஒரே ஆள் என்று எண்ணிவிட்டார்கள். நம் பகுதியில் இந்த மூவரும் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு மனிதர்கள். நோயாளி பழைய நகரத்தில் இருக்கும் அறுபத்தைந்து வயது அம்மா. டோக்கன் போடுபவர் அடுத்த தெருவிலிருக்கும் மருமகள் அல்லது கல்லூரியில் படிக்கும் பேத்தி. மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. பயன்படுதன்மையை, அதாவது ஒரு பொருள் பயன்படுத்துவதற்கு எவ்வளவு ஏற்றது என்பதை, வரையறுக்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 9241-11, 1998இல் முதலில் வந்து 2018இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் ஒரு பொருள் பயனுள்ளதா, சிக்கனமானதா, நிறைவளிப்பதா என்று சொல்ல முடியும் என்கிறது அது. எந்தச் செயலியும் தன்னளவில் எளிதானதோ கடினமானதோ ஆகிவிடாது. யாருக்கு, எதற்கு, எங்கே என்பதைச் சேர்த்தே பேச வேண்டும். சென்னையில் தனியாக வாழும் இளைஞர் ஒருவர் தன் தோல் மருத்துவருக்காக நேரம் குறிக்க இது நல்ல செயலிதான். கடலூர்க் குடும்பங்களின் நடைமுறைக்கு இது பொருந்தாத இடங்கள் நுழைவாயிலிலேயே தொடங்குகின்றன.

உள்ளே நுழைய ஓ.டி.பி. வேண்டும். மருத்துவமனையில் ஏற்கெனவே பதிவு செய்துள்ள நோயாளி என்றால், பதிவின்போது கொடுத்த எண்ணுக்கு மட்டுமே அது போகும். முப்பது விநாடிகளில் காலாவதியாகும். மகன் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களில் என்ன நடக்கிறது என்பதை நான் பலமுறை பார்த்தேன். மருமகள் வாட்ஸ்அப்பில் அழைக்கிறார். மகன் வேலையில் இருப்பதால் எடுப்பதில்லை. திரும்ப அழைத்து எண்ணைச் சொல்லும்போது அது காலாவதியாகியிருக்கிறது. சில தடவை தவறான எண்ணை இட்டதும் செயலி ஒரு மணி நேரம் பூட்டிக்கொள்கிறது. அந்த நேரத்துக்குள் காலைப் பொழுதுக்கான டோக்கன்கள் முடிந்துவிடுகின்றன. பாதுகாப்பு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. மருத்துவக் குறிப்புகள் அந்தரங்கமானவை, அவற்றுக்குக் காவல் வேண்டும். ஆனால் பரிசோதனை முடிவைத் திறப்பதற்கும் ஒரு டோக்கன் போடுவதற்கும் ஒரே அளவு காவல் தேவையா என்பதை யாராவது கேட்டிருக்க வேண்டும். நோயாளியின் ஃபைல் எண்ணும் பிறந்த ஆண்டும் தெரிந்த யாரும் டோக்கன் போடலாம், முடிவுகளைப் பார்க்க மட்டும் ஓ.டி.பி. என்று பிரித்திருந்தாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். குடும்பத்தினரைச் சேர்க்கும் வசதி செயலியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அமைப்புகளுக்குள், கணக்கு விவரங்களுக்குள், ஒரு முறையாவது தனக்கென டோக்கன் போட்ட பிறகே கண்ணில்படும் இடத்தில் இருக்கிறது. நான் கவனித்தவர்களில் ஒருவர்கூடத் தாமாக அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அடுத்து பெயர். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம், இரண்டாவதில் குறைந்தது மூன்று எழுத்துகள். நம் இனிஷியலுக்கு அங்கே இடமில்லை. ஒருவர் அப்பா பெயரை இடுகிறார், ஒருவர் கணவர் பெயரை இடுகிறார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் இடுகிறார். பிறகு காப்பீட்டு அட்டையிலுள்ள பெயரோடு அது ஒத்துப்போகாமல், கவுன்ட்டரில் திருத்த வேண்டியதாகிறது. பிறந்த தேதிக்கு நாள்காட்டி ஒன்று இன்றைய மாதத்தில் திறக்கிறது. 1952க்குப் போக மாதம் மாதமாகப் பின்னால் தள்ள வேண்டும். ஆண்டின் மேல் அழுத்தினால் ஆண்டுப் பட்டியல் வரும் என்பது எனக்குத் தெரியும், என் பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? எண்ணைத் தட்டச்சு செய்ய மூன்று கட்டங்கள் வைத்திருந்தால் போதும். இதே விவரங்களைப் பணம் செலுத்தும் திரையில் மறுபடியும் கேட்கிறார்கள். ஒரே நடைமுறையில் ஏற்கெனவே கொடுத்த தகவலை மீண்டும் இடச் சொல்லக் கூடாது என்பதை, மாற்றுத்திறனாளிகள் உட்பட எல்லோரும் பயன்படுத்தும்படி திரைகளை அமைக்கச் சொல்லும் இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டு நெறிகளின் 2023 அக்டோபரில் வெளிவந்த 2.2 பதிப்பு ஒரு தனி விதியாகவே சேர்த்திருக்கிறது.

மருத்துவரைத் தேடும் இடம் சுருக்கமாகச் சொல்லக்கூடியது. பிரிவுகளின் பெயர்கள் மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் உள்ளபடியே இருக்கின்றன. தேடுபெட்டியில் மூட்டு வலி, கால் எரிச்சல், கல்லடைப்பு என்று எழுதினால் முடிவு எதுவும் வருவதில்லை. மருத்துவரின் பெயரை ஆங்கில எழுத்தில், அதுவும் அவர் எழுதும் அதே எழுத்துக்கூட்டலில் இட்டால்தான் கிடைக்கிறார். கவுன்ட்டரில் இருக்கும் பெண், நோயாளி ஒரு வரி சொன்னதும் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். அவரோடு ஒரு நாள் உட்கார்ந்து, மக்கள் என்னென்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டால், தேடுபெட்டிக்குத் தேவையான சொற்பட்டியல் செலவின்றிக் கிடைத்துவிடும். பயனர் ஆய்வுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை என்னால் சொல்ல முடியாது.

தமிழ்ப் பதிப்பு உண்டு. முகப்புத் திரையிலும் பிரிவுப் பட்டியலிலும் தமிழ் நன்றாகவே இருக்கிறது. எழுத்துரு தெளிவு, வாக்கியங்களும் பேச்சுக்கு நெருக்கமானவை. சிக்கல் அதற்கப்பால் தொடங்குகிறது. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வரையப்பட்ட பொத்தான்களில் நீளமான தமிழ்த் தொடர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன. உறுதி செய்யும் பொத்தானும் ரத்து செய்யும் பொத்தானும் கடைசிச் சொல்லில்தான் வேறுபடுகின்றன என்பதால், வெட்டுப்பட்ட பிறகு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. பிழைச் செய்திகள் மட்டும் முழுக்க ஆங்கிலம். எல்லாம் சரியாக நடக்கும்போது தமிழும், தடுமாறும்போது ஆங்கிலமும் கிடைப்பது தலைகீழான ஏற்பாடு; உதவி அதிகம் தேவைப்படுவது தடுமாறும் நொடியில்தான். போனின் எழுத்தளவைப் பெரிதாக்கினால் நேரப் பட்டியல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகிறது. முதியவர்களின் போன்களில் எழுத்தளவு பெரிதாகவே வைக்கப்பட்டிருக்கும் என்பதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. கிடைக்கும் நேரங்கள் பச்சையிலும் முடிந்துபோன நேரங்கள் சிவப்பிலும் காட்டப்படுகின்றன. வேறு அடையாளம் இல்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய இயலாதவர்கள் ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவர் வரை இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்லும்போது, ஒரு மருத்துவமனையே இதைக் கவனிக்காமல் விட்டிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

இந்தச் செயலியில் உடனே திருத்தப்பட வேண்டியது எது என்று கேட்டால், பணம் செலுத்தும் பகுதியைத்தான் சொல்வேன். யு.பி.ஐ. மூலம் கட்டுவது இந்த ஊர் மக்களுக்கு இன்று புதிதல்ல. 2016இல் தொடங்கிய அந்த முறை மீன் கூடை வரை வந்துவிட்டது. ஆகவே கட்டும் செயலில் யாருக்கும் தயக்கமில்லை. ஆனால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டு, மருத்துவமனைக்கு உறுதிச் செய்தி வராமல் போகும் தருணத்தில், செயலி வெள்ளைத் திரையில் ஒரு வட்டத்தைச் சுழலவிட்டு, பிறகு எந்தச் சொல்லும் இல்லாமல் முகப்புக்குத் திரும்பிவிடுகிறது. பணம் போனதா, டோக்கன் உண்டா, மீண்டும் கட்ட வேண்டுமா என்ற மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் பதிலில்லை. என் அண்டை வீட்டுக்காரர் இரண்டாம் முறையும் கட்டினார். இரண்டு டோக்கன்கள் வந்தன. ஒன்றை ரத்து செய்ததற்குக் கட்டணம் பிடித்தார்கள். இத்தகைய நிலையில் வாடிக்கையாளருக்கு உள்ள உரிமையைச் செயலி ஓரிடத்திலும் தெரிவிக்கவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, யு.பி.ஐ. மூலம் வணிகருக்குச் செலுத்திய தொகை கணக்கில் கழிந்தும் உறுதி கிடைக்காவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிந்தைய ஐந்து நாட்களுக்குள் அது தானாகவே திருப்பப்பட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இந்தத் தகவலை இரண்டு வரிகளில், 'உங்கள் பணம் போகவில்லை என்றால் மறுபடி முயலலாம். போயிருந்தால் காத்திருங்கள், அரை மணி நேரம் உங்கள் டோக்கனை வேறு யாருக்கும் தரமாட்டோம்' என்ற உறுதியோடு காட்டியிருந்தால், அந்தச் சுழலும் வட்டத்தின் முன் ஒரு குடும்பமே பதறியிருக்க வேண்டியதில்லை. நல்ல நிலையை அழகாக வரைந்துவிட்டுக் கெட்ட நிலையை வரையாமல் விடுவது இத்துறையில் மிகப் பரவலான பழக்கம்.

மருத்துவமனையின் தரப்பில் பயனர் சோதனையே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. டோக்கன் எண் திரை அதற்குச் சான்று. யாரை வைத்துச் சோதித்தார்கள் என்பதே சிக்கல் என நினைக்கிறேன். ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று பயன்படுதன்மை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கை இத்துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அந்தக் கணக்கு, ஒவ்வொரு பயனரும் சராசரியாக 31 விழுக்காடு குறைகளைக் கண்டுகொள்வார் என்ற அனுமானத்தின் மேல் நிற்பது. பயனர்கள் ஏறக்குறைய ஒரே வகையினராக இருக்கும்போது பொருந்துவது. மிகவும் வேறுபட்ட பிரிவினர் இருந்தால் ஒவ்வொரு பிரிவிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்று நீல்சனே சொல்லியிருக்கிறார். மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஐவரை வைத்துச் சோதித்தால், தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பத்துக்கு நேரும் தடங்கல் ஒருநாளும் வெளியே வராது.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். நம்மவர்களிடம் 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் குறை சொல்ல மாட்டார்கள். டோக்கன் போட முடியாமல் போனைக் கீழே வைத்த ஓர் அத்தை என்னிடம், "நல்லாத்தாம்மா செஞ்சிருக்காங்க, எனக்குத்தான் தெரியல" என்றார். வடிவமைப்பின் பிழையைத் தன் அறியாமையாக எடுத்துக்கொள்ளும் இந்த இயல்பைப் பற்றி வடிவமைப்பு அறிஞர் டான் நார்மன் நெடுங்காலமாகப் பேசிவருகிறார். ஆனால் விருந்தினர் மனம் கோணக் கூடாது என்ற நம் பண்பும் சேரும்போது அது இன்னும் ஆழமாகிறது. ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட பயன்படுதன்மை அளவுகோல் உலகெங்கும் பயன்படுகிறது. அதில் நேர்மறை வாக்கியமும் எதிர்மறை வாக்கியமும் மாறிமாறி வருவது, எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிடும் போக்கைத் தடுக்கத்தான். நூற்றுக்குக் கணக்கிடப்படும் அதன் மதிப்பெண்ணில் பொதுச் சராசரி 68. ஆயினும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்பதைவிட, வாய்விட்டுப் பேசிக்கொண்டே செய்யச் சொல்லிப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பதுதான் இங்கே பலன் தருகிறது. விரல் எந்தப் பொத்தானுக்கு மேல் தயங்கி நிற்கிறது என்பது மரியாதைக்காக மாறாது.

பார்வையற்றவர்கள் இந்தச் செயலியைத் தனியாகப் பயன்படுத்தவே இயலாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானை இயக்கிப் பார்த்தேன். நேரப் பட்டியலில் எதற்கும் பெயர் சூட்டப்படவில்லை என்பதால், ஒவ்வொரு நேரத்தின் மேலும் 'பொத்தான்' என்ற ஒரே சொல்லைத்தான் அது வாசிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. கண்ணைச் சிமிட்டிக் காட்டினால்தான் அடையாளம் ஏற்கப்படும் என்பது போன்ற நடைமுறைகளைத் திருத்த 20 வழிகாட்டல்களையும் பிறப்பித்தது. அந்த வழக்கு மின்னணு அடையாளச் சரிபார்ப்பைப் பற்றியதுதான் என்றாலும், மருத்துவரைப் பார்க்க நேரம் குறிப்பது அதைவிட அவசரம் குறைந்த தேவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

செயலிக்கு வெளியேயும் வழி வேண்டும். பட்டன் போன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கென யு.பி.ஐ. 123பே என்ற ஏற்பாடு 2022 மார்ச்சில் வந்தது. எண்ணை அழைத்துக் குரல்வழியே பணம் அனுப்பவோ, மிஸ்டுகால் கொடுத்துச் செலுத்தவோ அதில் முடிகிறது. பணத்துக்கே இது சாத்தியம் என்றால் டோக்கனுக்கு ஏன் இயலாது? மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில், கவுன்ட்டரில் ஒட்டியுள்ள கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்து விவரங்களைப் பகிர்ந்து டோக்கன் பெறும் முறை பல மருத்துவமனைகளில் நடைமுறையில் இருக்கிறது. பெயரும் வயதும் மீண்டும் எழுத வேண்டியதில்லை. இவ்விரண்டையும் இந்த மருத்துவமனை சேர்த்துக்கொண்டால், செயலியால் விலக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் உள்ளே வந்துவிடுவார்கள்.

என் குறிப்புகளை மருத்துவமனைக்கு எழுதி அனுப்பினேன். அதன்பின் வந்த புதுப்பிப்பில் பிறந்த தேதியை எண்களாக இடும் வசதி வந்திருக்கிறது. ரத்து செய்யும் பொத்தானின் நிறம் மாறியிருக்கிறது. ஓ.டி.பி.யும் பணம் தவறும் திரையும் அப்படியே இருக்கின்றன. இன்றைய நிலையில் ஐந்துக்கு மூன்று தருகிறேன். அந்த மூன்றில் இரண்டு டோக்கன் எண் திரைக்கு உரியவை.

பெற்றோருக்காக இதைப் பயன்படுத்த எண்ணுபவர்கள், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போதே கவுன்ட்டரில் சொல்லிப் பதிவு எண்ணை உள்ளூரில் கூட இருப்பவரின் எண்ணாக மாற்றிவிடுங்கள். ஃபைல் புத்தகத்தைக் காட்டினால் செய்து தருகிறார்கள். பணம் கழிந்து டோக்கன் வராவிட்டால் மறுபடி கட்டாதீர்கள், யு.பி.ஐ. செயலியில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு கவுன்ட்டரை அழைத்தால், பெரும்பாலும் அப்போதே டோக்கனை உறுதி செய்கிறார்கள். அந்தத் தொலைபேசி எண் செயலியில் மூன்று பட்டியல்களுக்கு உள்ளே இருப்பதால், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்திலிருந்து எடுத்து இப்போதே போனில் பதிந்துகொள்வது நல்லது.